வாவிக்கரை வாசகனும் அறிவு நூல்களும்

அறிய வேண்டும் என்னும் அவா மக்கட்கு இயற்கையாய் அமைந்தது. குழந்தை இடைவிடாது கேட்கும் வினாக்களே அதற்குச் சான்று. அவ்வவா வளருங் காலத்து அதற்குத் தக்க உணவு கிடையாதொழியின், அது மெல்ல மெலிந்து, ஈற்றிற் செய்தித்தாளின் தலைப்புகளோடும் பரீட்சை வினாத்தாளோடும் அமைந்துவிடும். ஆதலின், ‘எதைப் படிக்கலாம்?’ என்று ஒருவன் கேட்கும்போது அவனுக்கு விடையிறுத்தல் சிறு காரியமன்று. விடை பொருந்துமாயின் அவன் வாழ்நாள் முழுவதும் படிப்பான். பொருந்தாதாயின், நூல் என்பது தனக்கு உரிய பொருளன்று எனக் கருதி ஒதுங்கிவிடுவான்.

களுதாவளையில் வாழும் ஓர் இளைஞனைக் கருதுக. கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் இடையே மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். அந்நிலத்தில் வெற்றிலைக் கொடியும் மிளகாயும் கத்தரியும் கிணற்று நீரால் வளர்க்கப்படுகின்றன. அவன் சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயில் மணியோசையைக் கேட்டு வளர்ந்தவன். பாடசாலைக் கல்வியை முடித்தவன். தோட்ட வேலையும் அறிந்தவன். கதையும் பாட்டும் அவனுக்குப் புதியனவல்ல. கூத்தும் கண்ணகி சடங்கும் வாவிக்கரை ஊர்களில் வாழும் கலைகள். அவன் இப்பொழுது கேட்பது வேறு. உலகம் எவ்வாறு இயங்குகின்றது, தன் நாடு எவ்வாறு உருவாயிற்று, முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பவற்றை மெய்ம்மை வழுவாது கூறும் உரைநடை நூல்கள் எவை என்பதே அவன் வினா.

அவனுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடைகள் மூவகைப்படும். பரீட்சைக்கு உதவும் நூல்களைக் கூறுவர் ஒருசாரார். உலகப் புகழ்பெற்ற நூல்களின் நெடும் பட்டியலை நீட்டுவர் இன்னொருசாரார். மண்ணின் பெருமை பேசும் நூல்களையே படித்தல் வேண்டும் என்பர் மற்றொருசாரார். முதல் விடை அவன் கேட்ட வினாவுக்கு விடையன்று. இரண்டாவது, தோணி வலிக்கப் பழகாதவனை நடுக்கடலில் விடுவது போன்றது. மூன்றாவது அன்பினால் எழுவது. ஆயினும், பெருமையைத் தேடிப் படிப்பவன் தான் முன்னரே நம்பியதை மீண்டும் காண்பானேயன்றிப் புதியதொன்றை அறியான். மூன்று விடைகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அவை நூலின் பெயரை நோக்குகின்றனவேயன்றிப் படிப்பவன் நிற்கும் இடத்தை நோக்கவில்லை.

நன்னூலார் நூலுக்குக் குற்றம் பத்தும் அழகு பத்தும் வகுத்துரைத்தார். வேண்டியதைக் குறைத்துரைத்தலும் வேண்டாததை மிகுத்துரைத்தலும் குற்றம் என்றும், சுருக்கமும் தெளிவும் அழகு என்றும் அவர் கொண்ட முறை இன்றும் பழுதற்றது. அறிவு நூல்களை மதிப்பிடுங்கால் அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தல் தகும். ஆசிரியன் தான் கண்ட முடிபை மட்டும் கூறுகின்றானா, அன்றி அம்முடிபை அடைந்த வழியையும் காட்டுகின்றானா என்பதே அது. முடிபை மட்டும் தரும் நூல் படிப்பவனை நம்பச் செய்யும். வழியைக் காட்டும் நூல் அவனை ஆராயச் செய்யும். வழியைக் காட்டிய நூல் பின்னாளிற் பிழையென்று கண்டபோதும் பயனுடையதாகவே நிற்கும். பிழை எவ்விடத்தில் நேர்ந்தது என்பதைப் படிப்பவன் தானே கண்டுகொள்ளலாம் ஆகலின்.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு வாவியிலிருந்தே தொடங்கலாம். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைக் கேள்வியுறாதார் அந்நாட்டில் இலர். சேர் ஜேம்ஸ் எமேசன் ரெனன்ற் என்பார் 1845ஆம் ஆண்டில் ஆங்கில அரசின் உயர் அதிகாரியாக இலங்கைக்கு வந்தவர். 1859ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி இரு பெரும் பாகங்களாக அவர் வெளியிட்ட ஆங்கில நூலில் இவ்வொலியைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அவர் அதனைச் செவிவழிச் செய்தியாகக் கூறி அமையவில்லை. நிலவொளியில் தோணியேறிச் சென்றார். ஒலி நீரின் அடியிலிருந்து எழுவதைக் கேட்டார். அஃது ஒரே நீண்ட ஒலியன்று, தனித்தனியே தெளிவாகக் கேட்கும் பல நுண்ணொலிகளின் தொகுதி என்பதைக் குறித்தார். தோணியின் மரத்திற் செவியை வைத்தபோது ஒலி பெருகுவதைக் கண்டார். தோணி இடம்பெயர ஒலி மறைவதையும், முன்னைய இடத்துக்கு மீள அது மீண்டும் எழுவதையும் நோக்கினார். மீனவரை வினாவினார். அவர்கள் ஒருவகை ஊரியைக் கொணர்ந்து காட்டி, ஒலி அதனுடையதே என்றனர். ரெனன்றும் மீனினும் ஊரியே காரணமாதல் கூடும் என்னும் கருத்தின் பக்கமே சாய்ந்தார்.

இப்பகுதியின் சிறப்பு அம்முடிபில் இல்லை. கேட்டல், இடம்பெயர்ந்து ஒப்பிடல், அறிந்தாரை வினாவல், தன் கருத்தை அளவோடு கூறல் ஆகிய நான்கும் சில பக்கங்களுள் அடங்கிக் கிடப்பதே அதன் சிறப்பு. களுதாவளை இளைஞன் இதனைப் படித்தபின் ஒரு தோணியும் ஒரு நிலவிரவும் இருந்தால் தானும் அதே சோதனையைச் செய்யலாம். ஆயின் அந்நூலின் குறையையும் மறைத்தல் கூடாது. ஆளவந்தவர் கண்ணாற் கண்ட நாடு அது. காட்டையும் விலங்கையும் வியந்து நோக்கும் ஆசிரியர், குடிமக்களைப் பற்றிப் பேசுமிடத்து ஆட்சியாளர்க்குரிய தீர்ப்புகளை எளிதில் வழங்குகின்றார். மீனவர் சொல்லைக் கேட்டெழுதியவர் அம்மீனவர் பெயரை எழுதினாரல்லர். இயற்கை பற்றிய பகுதிகளை விரும்பியும், மக்கள் பற்றிய பகுதிகளை விழிப்போடும் படித்தல் வேண்டும்.

அதே வாவியின் ஒலியை நீரர மகளிரின் இசையாகக் கொண்டு பாடியவர் சுவாமி விபுலாநந்தர். 1892ஆம் ஆண்டில் காரைதீவிற் பிறந்த அடிகள் விஞ்ஞானத்திலும் பட்டம் பெற்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரும் ஆவர். இவ்விருவகைக் கல்வியும் ஒருங்கே முதிர்ந்த கனி ‘யாழ் நூல்’. வழக்கொழிந்து போன பழந்தமிழ் யாழின் உறுப்பையும் நரம்பையும் பண்ணையும், பழம்பாடல்களிலிருந்தும் உரைகளிலிருந்தும் கணிதத்தின் துணைகொண்டு மீட்டெடுக்கும் முயற்சி அது. 1947ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவோடு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; அடுத்த மாதத்திலேயே அடிகள் இறைவனடி எய்தினார்.

மட்டக்களப்பு நாட்டில் இந்நூலின் பெயர் கேளாத மேடை இல்லை. ஆயின் நூலைத் திறந்தவர் தொகை மேடைகளின் தொகையினும் குறைவு. போற்றப்படுதலும் படிக்கப்படுதலும் வெவ்வேறு. அறிவு வேட்கை கொண்டு புதிதாகப் படிக்கத் தொடங்கும் ஒருவனுக்கு முதலிலேயே யாழ் நூலை எடுத்துக் கொடுத்தல் நன்றன்று. இசைக்கணக்கும் யாப்பும் சங்கநூற் பயிற்சியும் உடையார்க்கு எழுதப்பட்ட நூல் அது. பயிற்சியில்லாதவன் சில பக்கங்களிற் களைத்து, பின் அதனைப் பூசைக்குரிய பொருளாக உயர்த்தி வைத்துவிடுவான். இது நூலுக்கும் நன்மையன்று, அவனுக்கும் நன்மையன்று.

ஆயினும் அந்நூலை அணுகும் வாயில் ஒன்றுண்டு. யாழின் உறுப்புகளைக் கூறும் பகுதியில் அடிகள் வில்யாழிலிருந்து தொடங்கிப் பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ் முதலியவற்றை ஆராய்கின்றார். ஆயன் ஒருவன் குமிழங் கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகப் பூட்டிய வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. சிறுவரும் செய்து பார்க்கத்தக்க கருவி அது. ஒரு வளைந்த கொம்பும் நாரும் கொண்டு, நீளம் குறையக் குறைய ஒலி உயர்வதைக் கேட்டவன், அடிகள் ஏன் எண்களைக் கொண்டு பண்களை ஆராய்ந்தார் என்பதை உணரத் தொடங்குவான். இவ்வாறு ஆசிரியரொருவர் முன்நின்று வாயிலைத் திறப்பாராயின், யாழ் நூல் இளைஞனுக்கு மூன்றாம் ஆண்டிலேனும் ஐந்தாம் ஆண்டிலேனும் உரிய நூலாகும்.

முதலாண்டுக்குரிய நூல் வாவியின் மறுகரையிலிருந்து வருகின்றது. குருமண்வெளித் துறையில் நீரைக் கடந்தால் மண்டூர். அவ்வூரிற் பிறந்த பண்டிதர் வி. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ அந்நாட்டின் வரலாறு, சொல்வழக்கு, நாட்டுப்பாடல், வழிபாடு, கூத்து, பழக்கவழக்கங்கள் ஆகியவற்றை ஒருங்கு தொகுத்தது. இதற்கு முன் 1921ஆம் ஆண்டில் எஸ். ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு விவரண நூல் எழுதியிருந்தார். அது நிருவாகத்தாரின் தேவையைப் பெரிதும் நிறைவேற்றுவது. கந்தையாவின் நூலோ வீட்டுத் திண்ணையிலிருந்தும் வட்டையிலிருந்தும் கோயில் வீதியிலிருந்தும் எழுந்தது. ‘மறுகா’ என்றும் ‘வட்டை’ என்றும் நாள்தோறும் பேசி வளர்ந்த ஒருவன், பள்ளிக்கூடத்தில் அவை கொச்சையெனத் திருத்தப்பட்டிருப்பான். அவன் பேச்சு ஆராய்ச்சிக்குரியது, அவன் பாட்டியின் தாலாட்டு ஏட்டில் எழுதத்தக்கது என்பதை இந்நூல் அவனுக்கு உணர்த்தும். தன் வாழ்வே அறிவுக்குரிய பொருளாதல் கூடும் என்னும் உணர்ச்சியினும் சிறந்த தொடக்கம் வேறில்லை.

எனினும், திறனாய்வார் கூறவேண்டியதொன்று உளது. கந்தையா தம் நாட்டின்மீது கொண்ட காதல் நூலெங்கும் விரவிக் கிடக்கின்றது. மட்டக்களப்பின் சொல்லும் வழக்கும் சங்ககாலத்தோடு ஒத்திருத்தலை அவர் மகிழ்ந்து எடுத்துக்காட்டுகின்றார். ஒப்புமை உண்மையே ஆயினும், ஒத்திருத்தல் ஒன்றே தொடர்ச்சிக்குப் போதிய சான்றாகாது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அச்சொல் எங்கே வழங்கியது, வேறெந்த நாட்டில் இன்றும் வழங்குகின்றது என்னும் வினாக்களைப் படிப்பவன் தானே எழுப்பிக்கொள்ளல் வேண்டும். தாய்வழிக் குடிமுறை போன்ற செய்திகளை மேலும் அறிய விரும்புவோர், டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் 2008ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூலை அதனோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். கீழைக்கரையில் அடுத்தடுத்து வாழும் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருங்கு வைத்து அவர் நோக்குகின்றார். உள்ளிருந்து எழுதியவரின் கனிவும் வெளியிலிருந்து எழுதியவரின் ஒப்பீடும் ஒன்றையொன்று திருத்தும்.

எஃப். எக்ஸ். சி. நடராசா ஏட்டுப் பிரதிகளிலிருந்து பதிப்பித்து 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மட்டக்களப்பு மான்மியம்’ இவ்விடத்து எண்ணத்தக்கது. ஊர்கள் தோன்றிய கதைகளும், அரசர் வரிசைகளும், குடிகளுக்கும் கோயில்களுக்கும் உரிய வரிசை உரிமைகளும் அதன்கண் உள்ளன. இதனை வரலாறு என்று கூறி இளைஞன் கையிற் கொடுப்போர் அவனுக்குத் தீங்கு செய்கின்றனர். வெறுங்கதை என்று கூறி ஒதுக்குவோரும் தீங்கே செய்கின்றனர். யார் யாருக்கு முதன்மை, எக்குடிக்கு எக்கோயிலில் எவ்வுரிமை என்பவற்றை நிலைநாட்ட விரும்பியோர் பழமையை எவ்வாறு எடுத்துரைத்தனர் என்பதற்கு அது நேர்ச்சான்று. அவ்வகையில் அது விலைமதிக்க முடியாதது. ‘இது நடந்ததா?’ என்று மட்டும் வினவுபவன் அந்நூலிற் பாதியையே பெறுவான். ‘இது நடந்ததாக யார், எதன்பொருட்டுச் சொன்னார்?’ என்றும் வினவுபவன் முழுவதையும் பெறுவான். இவ்வினாவைப் பழகியவனை, எந்த ஊரின் பெருமைக் கதையும், எந்த இனத்தின் பெருமைக் கதையும் எளிதில் மயக்கமாட்டா. பிறர் கதையை ஐயுற்றுத் தன் கதையை மட்டும் நம்புதல் ஆராய்ச்சியாகாது. இக்கரையில் வாழ்ந்தோர் பெருமைக் கதைகளால் எய்திய துன்பத்தை எண்ணின், இப்பயிற்சி ஏட்டுக்கல்வியோடு நின்றுவிடுவதன்று என்பது புலனாகும்.

தன்னையே ஐயுறும் அறிவின் இயல்பைக் கற்பிக்கும் தமிழ் நூல் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஆனந்த விகடனில் 1940ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் வெளிவந்து, 1942ஆம் ஆண்டில் ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்று, 1950ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றது. அந்நூலின் உயிர்நிலை 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு. தாம் கற்ற பிரபந்தங்களையெல்லாம் அடுக்கிக் கூறிய இளம் ஆசிரியரைச் சேலம் இராமசுவாமி முதலியார் வியந்தாரல்லர். சீவக சிந்தாமணி போன்ற பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என வினாவினார். ஐயர் அவற்றைப் படித்திலர். அக்குறையை அவர் மறைக்காது எழுதினார். பின்னர்ச் சிந்தாமணியின் பொருளறிய வேண்டிச் சைவராகிய அவர் சைனர் இல்லங்களை நாடிச் சென்றதும், 1887ஆம் ஆண்டில் அந்நூலைப் பதிப்பித்து வெளியிட்டதும் தமிழுலகம் அறிந்தவை.

பேரறிஞர் ஒருவர் ‘எனக்குத் தெரியாதிருந்தது’ என்று எழுதும்போது படிப்பவனுக்குப் பிறக்கும் துணிவு, நூறு அறிவுரைகளாற் பிறப்பதன்று. பரீட்சையிற் பிழைவிட்டதனால் தன்னை அறிவிலி என எண்ணியிருக்கும் மாணவனுக்கு இந்நூலே மருந்து. நடையும் எளிது, நடைப்பயணமும் திண்ணைப் பள்ளியும் உணவும் வறுமையும் கண்முன் நிற்கும். நூல் நெடியது, வீட்டுப் பெண்டிர் வாழ்வு அதில் ஓரமாகவே தோன்றும். முழுவதையும் ஒருங்கே படிக்க இயலாதார், கும்பகோணத்துப் பகுதிகளிலிருந்து தொடங்கிப் பின் தொடக்கத்துக்கு மீளலாம்.

இதுவரை கூறியவை ஏட்டையும் ஊரையும் பற்றியன. தோட்டத்து மண்ணைப் பற்றியும் ஒரு நூல் வேண்டும். சார்ள்ஸ் டார்வின் என்றால் உயிரினத் தோற்றம் பற்றிய பெருநூலையே யாவரும் நினைப்பர். அவர் மறைவதற்கு முந்திய ஆண்டாகிய 1881இல் வெளியிட்ட இறுதி நூல் மண்புழுவைப் பற்றியது. மண்புழுக்கள் நிலத்தின் மேன்மண்ணை ஆக்கும் முறை குறித்து அவர் இலண்டன் நிலவியற் கழகத்திற் கட்டுரை படித்தது 1837ஆம் ஆண்டில். நாற்பதாண்டுகளுக்கு மேல் ஒரு வினாவை அவர் விடவில்லை. 1842ஆம் ஆண்டில் ஒரு வயலிற் சுண்ணக்கற் துண்டுகளைப் பரப்பினார். 29 ஆண்டுகள் கழித்து, 1871ஆம் ஆண்டில் அங்கே அகழ்ந்து பார்த்தபோது அவ்வெள்ளைக் கற்கள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. புழுக்கள் கீழ்மண்ணை மேலே கொணர்ந்து கொட்டியமையால் கற்கள் கீழிறங்கின. இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டொன்றுக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே செல்கின்றது எனக் கணக்கிட்டார். புழுவுக்குச் செவியுண்டோ என்றறிய இசைக்கருவிகளை வாசிக்கச் செய்தார். இலையை எந்நுனியாற் பற்றி வளைக்குள் இழுக்கும் என்றறிய முக்கோணத் தாள்கள் நூற்றுக்கணக்கில் வெட்டியிட்டார்.

களுதாவளைத் தோட்டக்காரன் மகனுக்கு இந்நூல் அயல்நாட்டு நூலன்று. எருவிட்ட பாத்தியிலும் வெறுமணலிலும் எத்தனை புழுக்கள் உள என்று எண்ணிப் பார்த்தல் ஒரு மண்வெட்டியும் ஒரு காலைப்பொழுதும் உடையானுக்கு இயலும். பெருஞ்செலவும் கருவியும் இல்லாது விஞ்ஞானம் செய்யலாம் என்பதை இதனினும் தெளிவாகக் கூறும் நூல் அரிது.

மண்புழுவே அடுத்த நூலுக்கும் வழிகாட்டுகின்றது. றேச்சல் காசன் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ பூச்சிகொல்லிகளின் தீமையை ஆராய்வது. எல்ம் மரங்களுக்குத் தெளித்த டீ.டீ.ரீ. இலையோடு நிலத்தில் வீழ்ந்து, அவ்விலையைத் தின்ற மண்புழுவிற் சேர்ந்து, அப்புழுவைத் தின்ற பறவைகளைக் கொன்ற செய்தியை அவர் படிப்படியாக விளக்குகின்றார். ஒவ்வொரு படிக்கும் சான்று காட்டுகின்றார். 1972ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு டீ.டீ.ரீ.யின் பெரும்பான்மையான பயன்பாட்டைத் தடைசெய்தமைக்கு இந்நூல் எழுப்பிய விழிப்பும் ஒரு காரணம். மருந்துத் தொட்டியை முதுகிற் சுமந்து மிளகாய்ப் பாத்தியில் நடப்பவன் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

ஆயினும் இந்நூலையும் ஐயத்தோடு படித்தல் வேண்டும். அதன் முதல் அதிகாரம் கற்பனையூர் ஒன்றைப் பற்றியது. அதனை நிகழ்ந்ததாகக் கொள்ளலாகாது. மேலும், இலங்கை வாசகன் தன் நாட்டின் வரலாறொன்றை அருகில் வைத்துப் படித்தல் தகும். 1946ஆம் ஆண்டு முதல் டீ.டீ.ரீ. தெளித்தமையால் இத்தீவில் மலேரியா நோய் விரைந்து குறைந்தது. 1963ஆம் ஆண்டிற் பதிவான நோயாளர் 17 பேரே. தெளித்தல் தளர்ந்தபின் 1967 தொடக்கம் 1969 வரை நோய் மீண்டெழுந்து பல இலட்சம் பேரைப் பற்றியது. நுளம்புகளும் நாளடைவில் அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்றன. பூச்சிகள் இவ்வாறு எதிர்ப்பாற்றல் பெறும் என்பதைக் காசனும் எச்சரித்திருந்தார். மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது 2016ஆம் ஆண்டிலேயே. ஒரே பொருள் ஓரிடத்தில் உயிர் காத்தலும் வேறோரிடத்தில் உயிர் கொல்லுதலும் கூடும். இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ளுதலே கல்வியாற் பெறும் முதிர்ச்சி.

இங்கே ஒரு தடை எழும். கூறிய நூல்களுட் சில ஆங்கிலத்தில் உள்ளன; ஆங்கிலம் அறியாதான் என் செய்வான் என்பது அது. தடை மெய்யானதே. விஞ்ஞானத்தைத் தமிழிற் கூறவியலாது என்பார் கூற்றை மட்டும் ஏற்றல் ஆகாது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ 1867ஆம் ஆண்டிலும், ‘கெமிஸ்தம்’ 1875ஆம் ஆண்டிலும் தமிழில் வெளிவந்தன. 1936ஆம் ஆண்டிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் விபுலாநந்த அடிகளே. பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்ட ‘கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதிகளாக 1968ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஆதலின் மொழியில் வலிமைக் குறைவு இல்லை. முன்னோர் தொடங்கியதைத் தொடர்வாரின் குறைவே உண்டு. ஆங்கிலம் அறிந்த ஆசிரியர் ஒருவர் டார்வின் நூலின் ஓர் அதிகாரத்தைத் தமிழிற் சொல்லிக் காட்டுவாராயின், அது பரிசளிப்பு விழாவில் வழங்கும் பத்து நூல்களினும் மிகுந்த பயன் தரும்.

கலைக்களஞ்சியம் போன்றவை தேடிப் பார்த்தற்குரியன. தொடர்ந்து படித்தற்குரியன அல்ல. தொகுப்பு நூல் விடைகளின் களஞ்சியம். வினாவைப் பிறப்பிக்க வேறு நூல் வேண்டும். விடைகளைச் சுருக்கித் தரும் வழிகாட்டி நூல்களும் இக்காலத்து மின்திரைக் குறிப்புகளும் முடிபை மட்டும் நீட்டுவன. அவற்றால் விரைவு உண்டு, வழி இல்லை.

நூல் கிடைக்கவில்லை என்னும் குறை ஒருகாற் பெரிதாயிருந்தது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன எனக் கணக்கிடுவர். மீளப் பெறவியலாத ஏடுகளும் அவற்றுள் அடங்கும். அதன் பின்னர் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம், அச்சில் இல்லாத ஈழத்து நூல்கள் பலவற்றை எவரும் இலவசமாகப் படிக்க வழிசெய்தது. இன்று கையடக்கத் தொலைபேசி உள்ள வீட்டில் நூலில்லை என்று கூறல் அரிது. இல்லாதது, எந்நூலை எப்பொழுது எடுப்பது என்று கூறும் துணையே.

அத்துணையின் பொருட்டு, கூறியவற்றை ஒரு வரிசையில் அமைத்தல் நன்று. முதலில் ‘மட்டக்களப்புத் தமிழகம்’. தன் ஊர்ப்பேச்சும் பாட்டும் ஆராய்ச்சிக்குரியன என்பதை அறிதற்கு. அடுத்து ‘என் சரித்திரம்’. தெரியாமை இழிவன்று என்பதை அறிதற்கு. மூன்றாவதாக டார்வினின் மண்புழு நூல். கண்ணும் பொறுமையும் போதும் என்பதை அறிதற்கு. நான்காவதாக ரெனன்றின் வாவிப் பகுதியும், அதனோடு ‘மட்டக்களப்பு மான்மியமும்’. எழுதியவன் யார், எதன்பொருட்டு எழுதினான் என்று வினவப் பழகுதற்கு. ஐந்தாவதாக ‘மௌன வசந்தம்’. நன்மை தீமைகளைச் சீர்தூக்குதற்கு. இவற்றைக் கடந்தவன் யாழ் நூலின் வாயிலில் நிற்கத் தகுதி பெற்றவனாவான். இவ்வரிசை மாற்றலாகாத விதியன்று. படிப்பவன் தோட்டக்காரனாயின் புழு முன்வரலாம்; மீனவனாயின் வாவி முன்வரலாம்; இசை பயில்பவனாயின் வில்யாழே முன்வரலாம். அவன் நிற்கும் இடத்திலிருந்து ஓரடி வைக்கத்தக்க நூலே அவனுக்குரிய முதல் நூல்.

ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் உரிய கடமை இதனால் விளங்கும். நூலகத்துக்கு நூல் வழங்கும் போது எண்ணிக்கையை நோக்காது, ஒரு நூலைத் தாமே படித்து, அதில் எவ்வதிகாரம் எவருக்கு ஏற்கும் என்பதை ஒரு தாளில் எழுதி அதனுள் வைத்து வழங்கலாம். அத்தாளைக் கண்டு ஒரு மாணவன் நூலைத் திறப்பானாயின் வழங்கியவர் கைம்மாறு பெற்றவராவர். அவ்வாறு திறந்து, படித்து, வாவியில் ஒரு நிலவிரவிற் செவி தாழ்த்திக் கேட்டவன் மறுமுறை ‘எதைப் படிக்கலாம்?’ என்று பிறரை வினவான். அவனிடம் தன் வினா ஒன்று இருக்கும். அதற்குரிய நூலை அவனே தேடிச் செல்வான்.